கன்சென்ட் ஃபார்மில் சாட்சிக் கையெழுத்து: ஸ்டாஃப் நர்ஸின் பொறுப்பு எதுவரை?

நைட்டியூட்டி_கடலூர் கேட்டது:

வணக்கம். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்ததும் "சிஸ்டர், நாளைக்கு லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குக் கன்சென்ட் வாங்கி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிடுவார். அந்தச் சம்மத ஃபார்ம் முழுக்க ஆங்கிலம். அறுவையின் பெயர் எழுதும் இடம் பாதி நேரம் காலியாகவே இருக்கும். கடைசியில் "சாட்சி" என்று ஒரு கோடு, அதில் என் கையெழுத்து.

என் சந்தேகங்கள் இவை. அந்தக் கோட்டில் போடும் கையெழுத்து எதற்குச் சாட்சி? ரிஸ்க் எல்லாம் விளக்கியாகிவிட்டது என்பதற்கா, கையெழுத்து அவருடையதுதான் என்பதற்கா? நோயாளி என்னிடமே "இது என்ன ஆபரேஷன்மா?" என்று கேட்டால் பதில் சொல்லலாமா? படிக்கத் தெரியாதவருக்குப் பதிலாக மகன் "கொடுங்க, நான் போடறேன்" என்றால் வாங்கலாமா? தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்திலிருந்து வரும் அம்மாக்கள் பலர் "வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கார், அவர் வந்தாத்தான்" என்கிறார்கள். சட்டப்படி காத்திருக்க வேண்டுமா?

டாக்டரோடு மனஸ்தாபம் வராமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்றும் சொல்லுங்கள்.

இன்சார்ஜ்_பாண்டி எழுதியது:

சிஸ்டர், இரண்டு வேலையை முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறுவது அறுவை செய்யும் டாக்டரின் வேலை. அவரே வரமுடியாவிட்டால் அந்த அறுவையைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லத் தெரிந்த, அவர் டீமில் உள்ள டாக்டர் பேசலாம். அனஸ்தீஷியாவுக்கு அனஸ்தெடிஸ்ட் (மயக்கம் கொடுக்கும் டாக்டர்) தனியாகப் பேசித் தனி ஃபார்மில் வாங்க வேண்டும். ரத்தம் ஏற்றுவதற்கும் தனி ஃபார்ம். அட்மிஷன் கவுண்டரில் வாங்கும் பொது ஒப்புதலை இதற்கெல்லாம் சேர்த்துக் கணக்கில் வைக்க முடியாது.

சாட்சிக் கோட்டில் நீங்கள் சொல்வது மூன்று விஷயம். இவர்தான் அந்த நோயாளி. தெளிவான நினைவோடு, யாருடைய நெருக்கடியும் இல்லாமல் இருந்தார். என் கண்ணெதிரே கையெழுத்திட்டார். அவ்வளவுதான். டாக்டர் விளக்கும்போது நீங்கள் கட்டிலருகே நின்றிருந்தால், அதையும் நர்ஸஸ் நோட்ஸில் தனியாக எழுதலாம்; நிற்கவில்லையென்றால் எழுதாதீர்கள். அதே சமயம், நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தே சாட்சி போட்டுவிட்டு, பிறகு "நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்று சொன்னால் எடுபடாது. ஆகவே சாட்சிக் கோட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நம் பங்கு பெரும்பாலும் அதில்தான்.

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் "சரிங்கம்மா" என்றுதான் தலையாட்டுவார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். இப்படிக் கேளுங்கள்: "ஊருக்குப் போனதும் அண்ணி வந்து என்ன ஆபரேஷன் பண்ணாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" அந்தப் பதிலில் எல்லாம் வெளியே வந்துவிடும். "கட்டியை எடுப்பாங்க" என்று அந்த அம்மா சொல்கிறார். ஃபார்மில் கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றல் என்று இருக்கிறது. அங்கேயே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளி "கால் விரலை எடுக்கறாங்க" என்கிறார். ஃபார்மில் "தேவைப்பட்டால் முழங்காலுக்குக் கீழே" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதுவும் நிறுத்த வேண்டிய இடம்தான். பித்தப்பையைத் துளை போட்டு எடுப்பதாகச் சொன்னவர், முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்கள் என்பதைக் கேள்விப்பட்டாரா? குடலிறக்கத்துக்கு உள்ளே வலை வைத்துத் தைப்பார்கள் என்பது தெரியுமா? கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து: என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, என்ன கஷ்டம் வரலாம் என்று சொன்னார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் பதில் சொல்லலாமா என்று கேட்டீர்கள். டாக்டர் ஏற்கெனவே சொன்னதை எளிமையாகத் திருப்பிச் சொல்லலாம். நர்சிங் சார்ந்தவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள்: வழக்கமாக 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு நிறுத்தம், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்புவரை (உங்கள் அனஸ்தெடிஸ்ட் வேறு சொன்னால் அதுதான் கணக்கு), யூரின் டியூப் எத்தனை நாள், டிரெயின் (காயத்துக்குள் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) எங்கே தொங்கும், எப்போது எழுந்து நடக்கலாம், வலிக்கு என்ன கொடுப்போம். டாக்டர் சொல்லாத ரிஸ்க்கை நீங்கள் புதிதாகச் சொல்ல வேண்டாம். "ஒண்ணும் ஆகாது, சின்ன ஆபரேஷன்தான்" என்ற ஆறுதலையும் சொல்லவே வேண்டாம். பின்னால் சிக்கல் வந்தால் "சிஸ்டர் ஒண்ணும் ஆகாதுன்னாங்க" என்பதுதான் நோயாளி மனதில் நிற்கும்.

புரியவில்லை என்று தெரிந்ததும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். "நீங்கள் விளக்கவில்லை" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "சார், 6ஆம் பெட் அம்மாவுக்குக் கருப்பையையும் எடுக்கறது தெரியலை. கட்டி மட்டும்னு நினைச்சிட்டிருக்காங்க. காலையில தியேட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பேசிடுங்க. அதுவரைக்கும் ஃபார்மைக் கையெழுத்து இல்லாம வெச்சிருக்கேன்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தகவல்தான் இருக்கிறது. பெட் நம்பர், நோயாளி என்ன நினைக்கிறார், உங்களுக்கு என்ன வேண்டும், நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான டாக்டர்கள் வந்துவிடுவார்கள், ஏனென்றால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போவது அவர்கள்தான். வராவிட்டால் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், அதற்கு மேல் மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட். வார்டிலேயே வாக்குவாதம் வேண்டாம்.

நோட்ஸில் நோயாளியின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள்:

"இரவு 9.10. 'கட்டி மட்டும் எடுப்பாங்கன்னு நினைச்சேன், கர்ப்பப்பை எடுக்கறது தெரியாது' என்று நோயாளி சொன்னார். 9.15க்கு டியூட்டி டாக்டருக்கும் சர்ஜனுக்கும் போனில் தெரிவிக்கப்பட்டது. காலை 7.20க்கு சர்ஜன் வந்து மகள் முன்னிலையில் தமிழில் விளக்கினார். 7.40க்கு நோயாளி கையெழுத்திட்டார்."

"கன்சென்ட் பெறப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

காலி ஃபார்மில் கையெழுத்து வாங்கவே கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள். அறுவையின் பெயரை டாக்டர் கைப்பட, சுருக்கெழுத்து இல்லாமல் எழுத வேண்டும். வலது, இடது என்பவை முழு வார்த்தையாக இருக்க வேண்டும். அடித்துத் திருத்தினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்து, தேதி, நேரம். ஒயிட்னர் பூசிய ஃபார்மைப் பார்த்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள்.

தியேட்டர்_வாசல் எழுதியது:

மேலே மேடம் சொன்னதோடு நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். வார்டில் இதுதான் அதிகம் தப்பிப் போகிறது.

ப்ரீ-மெட் (அறுவைக்கு முன் பதற்றம் தணியக் கொடுக்கும் மருந்து) கொடுத்தபின் வாங்கிய கையெழுத்து செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிடசோலாம் போட்டபின் நோயாளி நன்றாகப் பேசுவார், தலையாட்டுவார், கையெழுத்தும் போடுவார்; மறுநாள் எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த மருந்தின் குணமே அது. ஃபோர்ட்வின்-ஃபெனர்கன் ஊசிக் கூட்டும் அப்படித்தான் ஆளைச் சாய்த்துவிடும். ராத்திரி தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலமும் இதே வரிசைதான். டிரக் சார்ட்டில் 9 மணிக்கு அல்பிரசோலம், கன்சென்ட் ஃபார்மில் 9.30 என்று இருந்தால் வக்கீலுக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. அதனால்தான் ஃபார்மில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும்.

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "கையெழுத்து வாங்கற வரைக்கும் வலி ஊசி போடாதே" என்று நோயாளியைத் துடிக்க விடுவதும் நடக்கிறது. கூடாது. கடும் வலியில் இருப்பவரும் எதையும் யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எதிலும் கையெழுத்துப் போடுவார். வலிக்கு மருந்து கொடுங்கள். கொஞ்சம் அடங்கியபின் பேர், இடம், கிழமை கேளுங்கள். விளக்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் சம்மதம் செல்லும். மருந்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

வயதானவர் திடீரென்று உளறினால் "வயசாச்சு, மகன் போடட்டும்" என்று போய்விடாதீர்கள். முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். காலையிலிருந்து வெறும் வயிறு, முந்தைய நாள் போட்ட இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கிறது, 50க்கு இறங்கியிருக்கும். சரிசெய்து அரை மணி நேரம் கழித்துப் பேசினால் அவரே தெளிவாகச் சொல்வார். சோடியம் குறைவு, ஆக்ஸிஜன் குறைவு, யூரின் அடைப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் மெஷினையும் கண்ணாடியையும் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு "தாத்தாவுக்குப் புரியலை" என்பதும் உண்டு.

தியேட்டர் வாசலில் நாங்கள் செக் செய்வது: உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் மயக்கம் கொடுப்பதற்கு முன் வரும் முதல் வரியே நோயாளி தன் அடையாளம், அறுவை நடக்கும் இடம், அறுவை, சம்மதம் ஆகிய நான்கையும் உறுதிசெய்தாரா என்பதுதான். நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். "முருகேசன்தானே? வலது பக்கம்தானே?" என்றால் பதற்றத்தில் எதற்கும் "ஆமா" வரும். "உங்க பேர் சொல்லுங்க, எந்தப் பக்கம் ஆபரேஷன், காட்டுங்க" என்று கேட்க வேண்டும். ஃபார்ம், தோலில் போட்ட மார்க், எக்ஸ்ரே, ஆபரேஷன் லிஸ்ட் நான்கும் ஒத்துப் போக வேண்டும். ஒன்று மாறினாலும் டிராலி உள்ளே போகாது. அப்போது எங்களைத் திட்டாதீர்கள்.

லேபர்_ரூம்_கெடிலம் எழுதியது:

வீட்டுக்காரர் கையெழுத்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 18 வயது முடிந்த, தெளிவான மனநிலையில் உள்ள பெண்ணின் உடம்புக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். அப்பென்டிக்ஸ், தைராய்டு, சிசேரியன் எதற்கும் கணவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகட்டும், அப்பென்டிக்ஸ் வெடிக்கும் வரை ஃபார்மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த அம்மா "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றால் அது அவருடைய உரிமை, அவசரம் இல்லாதவரை நேரம் கொடுங்கள். ஆனால் "புருஷன் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டோம்" என்பதை நாமாகச் சொல்லக்கூடாது.

கருக்கலைப்பில் இது இன்னும் தெளிவு. 1971ஆம் வருடச் சட்டத்திலும் 2021 திருத்தத்திலும் வயதுவந்த பெண்ணின் எழுத்துபூர்வ ஒப்புதல் மட்டுமே போதும். கணவர், அம்மா, மாமியார் யாரும் வேண்டாம். 18க்குக் கீழ் இருந்தாலோ மனநோயால் முடிவெடுக்க முடியாமல் இருந்தாலோதான் காப்பாளர் ஒப்புதல்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவையில்தான் குழப்பம். மத்திய அரசின் குடும்பநலத் திட்ட வழிகாட்டுதலின்படி துணையின் ஒப்புதல் தேவையில்லை. பெண்ணுக்கு 22 முதல் 49 வயது, திருமணமானவர், ஒரு குழந்தையாவது இருந்து அது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். ஆனால் டாக்டர்களுக்கான 2002ஆம் வருட ஒழுங்குமுறை விதியில், கருத்தரிக்க முடியாமல் போகும் அறுவைக்குக் கணவன் மனைவி இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று இருக்கிறது. அதனால் பல தனியார் ஆஸ்பத்திரிகள் இரண்டு கையெழுத்தும் கேட்கும். உங்கள் ஆஸ்பத்திரி எதைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும், கணவர் போட்டுவிட்டார் என்பதால் மனைவியின் கையெழுத்து இல்லாமல் போவது மட்டும் கூடாது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் உயிர் காக்கக் கருப்பையை எடுக்க வேண்டி வந்தால் அது வேறு கணக்கு. அங்கே யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

லேபர் டேபிளில் கால் தூக்கி வைத்து, வலி உச்சத்தில் இருக்கும்போது "ரெண்டாவது குழந்தை, கட்டிடலாமா? காப்பர்-டி போட்டுடலாமா?" என்று கேட்டு வாங்கும் "சரி"யைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிரசவத்துக்குப் பின் போடும் காப்பர்-டியை நஞ்சுக்கொடி வெளிவந்த 10 நிமிடத்துக்குள் போடுவது நல்லது, 48 மணி நேரம் வரையும் போடலாம் என்பது உண்மைதான். அந்த அவசரத்தைச் சாக்காக வைத்து டேபிளில் கேட்கிறார்கள். மாதாந்திரச் செக்கப்பிலேயே பேசி, அவர் சொன்ன பதிலைத் தாய்-சேய் நல அட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. போட்டால் போட்டோம் என்று டிஸ்சார்ஜில் சொல்லுங்கள், நூல் எங்கே இருக்கும், எப்போது செக்கப்புக்கு வர வேண்டும் என்பதோடு. தனக்குள் காப்பர்-டி இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

கருத்தடை முகாம்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது: அறுவைக்கு முன் நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளவற்றை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கி, மனசு மாற வாய்ப்பாகச் சுமார் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மற்ற அறுவைகளுக்கும் நல்ல அளவுகோல் அது.

ஜிஎச்_பழசு எழுதியது:

எல்லாம் சரி. ஒரு நைட்டுக்கு ஒரு ஸ்டாஃப், நாற்பது பெட், எட்டு கேஸ் லிஸ்டில். ஒவ்வொருத்தரிடமும் அண்ணி கதை பேசிக்கொண்டிருந்தால் ஐ.வி. யார் மாற்றுவது? நடைமுறையில் நர்ஸ்தான் வாங்குகிறார், இனியும் வாங்குவார். அறிவுரை சொல்வது சுலபம்.

இன்சார்ஜ்_பாண்டி எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மை சார், மறுக்கவில்லை. அதனால்தான் ராத்திரி 9 மணி வேலையாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஓ.பி.யில் தேதி கொடுக்கும்போதே தமிழ் ஃபார்மைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். மாலை ரவுண்ட்ஸில் சர்ஜன் கட்டிலருகே நிற்கும்போது ஃபார்ம் கேஸ் ஷீட் மேலேயே இருந்தால், அங்கேயே பேசி, அங்கேயே கையெழுத்து. நர்ஸ் பக்கத்தில் இருப்பதால் சாட்சியும் அப்போதே முடியும். ராத்திரிக்கு மிஞ்சுவது திருப்பிக் கேட்கும் கேள்வி மட்டும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். ரவுண்ட்ஸ் டிராலியில் காலி ஃபார்ம் வைப்பது ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம்.

ரெக்கார்ட்_செக்ஷன் எழுதியது:

சட்டப் பக்கம் கொஞ்சம்.

இந்தியாவில் இதற்கு அடிப்படைத் தீர்ப்பு சமீரா கோலி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008. 44 வயதுப் பெண், நோயறிய லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனைக்கு) மட்டும் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது உதவி டாக்டர் தியேட்டருக்கு வெளியே வந்து அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்க, உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றது கோர்ட். நோயாளி வயதுவந்தவர், தற்காலிகமாகத்தான் மயக்கத்தில் இருக்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் விழிக்கும் வரை காத்திருந்திருக்கலாம். டாக்டரின் கட்டணமும் கிடையாது, மேலே 25,000 ரூபாய் இழப்பீடு. நோயறியும் பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்பது இதிலிருந்து வரும் விதி. தியேட்டரிலிருந்து ஃபார்மோடு வெளியே அனுப்பப்படும் ஆள் பல இடங்களில் நர்ஸ்தான். "வெளியில யாராச்சும் இருந்தா கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் இந்த வழக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் போடலாமா என்ற கேள்விக்கும் பதில் இதுவே. அப்பா நினைவோடு இருந்தால் அப்பாதான். மகன் சாட்சியாகப் போடலாம். படிக்கத் தெரியாதவருக்கு ரேகை. ஃபார்ம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டியபின் இடது கைப் பெருவிரல். வேறு விரல் என்றால் அதையும் எழுதுங்கள். மையை அப்பாமல் லேசாகத் தொட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒருமுறை உருட்டினால் கோடுகள் தெரியும். நாம் பார்க்கும் ரேகைகளில் பாதி வெறும் மைத்திட்டு, யாருடையது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் "இன்னாரின் இடது கைப் பெருவிரல் ரேகை" என்று எழுதி, படித்துக் காட்டியவர் ஒரு கையெழுத்து, அறுவை டீமில் இல்லாத சாட்சி ஒரு கையெழுத்து.

அவசரம்: ஈ.சி.ஆர்.இல் அடிபட்டு, நினைவில்லாமல், கூட யாரும் இல்லாமல் வந்தால், நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்குச் சம்மதம் தேவையில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு. ஏன் அவசரம், எத்தனை மணிக்கு, உறவினரைத் தேட என்ன செய்தீர்கள் என்று எழுதி இரண்டு டாக்டர்கள் கையெழுத்திடுவது நல்ல வழக்கம். உயிர் காக்கத் தேவையானதை மட்டும் செய்ய வேண்டும்; "எப்படியும் திறந்தாச்சே" என்று மற்றதைச் சேர்க்க இந்தப் பிரிவு இடம் கொடுக்காது.

18க்குக் கீழ் என்றால் பெற்றோர். அப்பா கல்ஃபிலோ பிரான்ஸிலோ, பிள்ளை பாட்டியோடு, என்பது பாண்டியில் சகஜம். அவசரமில்லாத அறுவைக்கு டாக்டரே ஸ்பீக்கரில் பெற்றோரிடம் பேசட்டும்; இரண்டு ஊழியர்கள் கேட்டு, பேசியவர் பெயர், உறவு, நேரம் எழுதிக் கையெழுத்திடட்டும்; பிறகு எழுத்தில் வரவழைத்து ஃபைலில் சேர்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. டெஸ்டுக்கு 2017 சட்டப்படி முன்கவுன்சலிங்கும் தனிச் சம்மதமும் வேண்டும். "ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் எடுக்கற பிளட்டு" என்று சொல்லாமல் எடுப்பது தப்பு.

நைட்டியூட்டி_கடலூர் எழுதியது:

நன்றி எல்லோருக்கும். இன்னும் இரண்டு. சிப்காட் பக்கத்திலிருந்து ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் வருகிறார்கள், மேஸ்திரிதான் மொழிபெயர்க்கிறார். அது போதுமா? காலையில் எனிமா எல்லாம் கொடுத்தபின் "வேணாம், பயமா இருக்கு, வீட்டுக்குப் போறேன்" என்றால்?

தியேட்டர்_வாசல் எழுதியது:

மேஸ்திரி வேண்டாம். அவருக்கு ஆள் சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும், செலவு யார் தலையில் என்ற கணக்கும் உண்டு. ரிஸ்க்கை முழுங்கிவிட்டு "டாக்டர் நல்லா பண்ணுவார்" என்று மட்டும் சொல்வார். அந்த மொழி தெரிந்த ஊழியர், இல்லாவிட்டால் போனில் வேறொருவர். ஏனாமிலிருந்து பாண்டி வருபவர்களுக்குத் தெலுங்கு தெரிந்த சிஸ்டரைக் கூப்பிடுவது போலத்தான். வேறு வழியே இல்லாமல் மேஸ்திரியை வைத்தால், நோயாளி திருப்பிச் சொல்வதை அவரிடமிருந்தே கேளுங்கள்: உடம்பில் எந்த இடம், எதை எடுக்கப் போகிறார்கள் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரும் மொழியும் ஃபார்மில் வரட்டும்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கையெழுத்துப் போட்டபின்னும், டிராலியில் ஏறியபின்னும், மயக்கம் கொடுக்கும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். டிராலியை நிறுத்திவிட்டு சர்ஜனுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சமாதானப்படுத்த முயற்சிக்காமல், எதற்குப் பயம் என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் காரணம் சின்னது: பக்கத்து பெட்காரர் முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று சொல்லியிருப்பார். அதை அனஸ்தெடிஸ்ட் வந்து பேசினால் தீரும். அப்படியும் வேண்டாமென்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் விளக்கியதை எழுதி, மறுப்பு ஃபார்மில் கையெழுத்து. அதிலும் போட மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், "கையெழுத்திட மறுத்தார்" என்று எழுதி இரண்டு பேர் சாட்சி போடுங்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையோ மாத்திரைச் சீட்டையோ நிறுத்தி வைக்கக் கூடாது.

லேபர்_ரூம்_கெடிலம் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. நாமே செய்யும் காரியங்களுக்கு விளக்க வேண்டியது நாம்தான். கையை நீட்டினால் ஊசிக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். யூரின் டியூப், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாய்), எனிமா, கீழே ஷேவிங் ஆகியவற்றுக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. என்ன, எதற்கு, எவ்வளவு நேரம், எப்படி இருக்கும் என்று நாலு வரி சொல்லி, "செய்யலாமாம்மா?" என்று கேட்டு, ஸ்கிரீனை இழுத்துவிட்டுச் செய்யுங்கள். நோட்ஸில் "விளக்கியபின் வாய்மொழிச் சம்மதத்துடன்" என்று நேரத்தோடு எழுதினால் போதும், ஃபார்ம் தேவையில்லை.